துப்பலும் உமிழ்நீரும்: 'ஸ்பிட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் 'ஸ்பிட்' என்னும் சொல்லுக்குத் துப்பு, உமிழ், எச்சில், உமிழ்நீர் எனப் பொருள் தருவது வழக்கம். 'சலைவா' என்பதற்கும் உமிழ்நீர், எச்சில் என்பனவே பொருளாக வருகின்றன. இதனால் இவ்விரண்டும் ஒருபொருட் பன்மொழி என்றும், முன்னது பேச்சு வழக்கு, பின்னது நூல் வழக்கு என்னும் அளவிலேயே வேறுபடுகின்றன என்றும் மொழிபெயர்ப்பாளர் கொள்ள இடமுண்டாகிறது. உண்மை அஃதன்று. சலைவா ஒரு பொருளின் பெயர். வாயினுள் சுரக்கும் நீரைக் குறிப்பது. ஸ்பிட் அடிப்படையில் ஒரு செயலின் பெயர். அச்செயலால் வாயை விட்டு நீங்கியதற்கு அப்பெயரே ஆகி வந்தது. தமிழிலக்கண மரபில் கூறுவதாயின், வற்றல், பொரியல் என்பன போல இஃது ஒரு தொழிலாகுபெயர். இன்றைய ஆங்கிலப் பேச்சில் வாயினுள் இருப்பதையும் ஸ்பிட் என்பதுண்டு. எனினும் அச்சொல்லின் விரிபொருள்கள் அனைத்தும் நீரிலிருந்து அன்றி, வெளியேற்றும் விசையிலிருந்தே கிளைத்துள்ளன. இவ்வேறுபாடு உருவான வரலாற்றையும், மொழிபெயர்ப்பில் அது இடறும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இவ்வினைக்கு வட்டார வழக்கை ஒட்டி இரு வடிவங்கள் இருந்தன. வடபுல வழக்கில் 'ஸ்பிட்டன்'; மேற்குச் சாக்சன் வழக்கில் 'ஸ்பேட்டன்'. வாயிலிருந்து வெளிப்பட்ட நீருக்கு 'ஸ்பாட்ல்' என்னும் தனிப்பெயர் வழங்கியது. இவற்றோடு உறவுடையதாகக் கருதப்படும் மற்றொரு வினை, கக்குதலைக் குறிக்கும் இன்றைய 'ஸ்பியூ'. இலத்தீன் 'ஸ்புவோ', கிரேக்கம் 'ப்டூஓ', வடமொழி 'ஷ்டீவ்' ஆகிய வினைகள் ஸ்பியூவுடன் ஓரினமாக வைத்து எண்ணப்படுபவை. இவற்றின் முதல் ஒலிகள் வழக்கமான ஒலிமாற்ற விதிகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. இச்சொற்கள் செயலின் ஓசையைப் போலச்செய்து பிறந்தவை என்பதும், ஆதலின் ஒவ்வொரு மொழியிலும் அவ்வோசையை மீண்டும் நாடிச் சென்றன என்பதும் இதற்குத் தரப்படும் விளக்கம். தமிழில் 'தூ' என்னும் இகழ்ச்சிக் குறிப்பும் 'துப்பு' என்னும் வினையும் அருகருகே நிற்பதை நோக்குவார்க்கு இவ்விளக்கம் வியப்பளிக்காது.

இவண் ஒரு பிரித்தறிதல் தேவை. இறைச்சியைக் கோத்து நெருப்பில் சுடும் கம்பிக்கும், கடலுள் நீண்டு செல்லும் ஒடுங்கிய மணல்திட்டுக்கும் ஆங்கிலத்தில் ஸ்பிட் என்றே பெயர். இவை 'ஸ்பிட்டு' என்னும் வேறொரு பழைய சொல்லின் வழிவந்தவை. கூர்முனை என்பதே அதன் கருத்து. எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றாகிவிட்ட இவ்விரு சொற்களுக்கும் பொருளுறவு இல்லை.

ஸ்பிட் பெயர்ச்சொல்லாக வழங்கத் தொடங்கியது 14-ஆம் நூற்றாண்டில்தான். வினையே முந்தியது. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டளவில் இலத்தீனிலிருந்து 'சலைவா' ஆங்கிலத்துள் நுழைந்தது. சலைவாவுக்குத் துப்புதலோடு சொற்பிறப்பு உறவு ஏதுமில்லை. எனவே வினையோடு ஒட்டாத, நீரை மட்டும் சுட்டும் ஒரு பெயர் ஆங்கிலத்துக்குக் கிடைத்தது. ஆயினும் அது பொது வழக்குக்கு வர நெடுங்காலம் பிடித்தது. அதுவரை அவ்விடத்தை நிரப்பியது 'ஸ்பிட்டில்' என்னும் சொல்.

ஒரு வசனத்தின் மொழிபெயர்ப்புகள்

ஸ்பிட்டிலின் வாழ்வையும் தேய்வையும் காண, யோவான் எழுதிய நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்தை விடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. பிறவிக் குருடன் ஒருவனுக்கு இயேசு பார்வையளிக்கும் பகுதி அது. நிலத்தில் துப்பி, அந்நீரால் மண்ணைக் குழைத்து, அவன் கண்களில் பூசுகிறார். வினையும் பெயரும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக ஆங்கிலத்தில் மீண்டும் மீண்டும் பெயர்க்கப்பட்டதும் ஆகும்.

கிரேக்க மூலத்தில் வினை 'ப்டூஓ'வின் இறந்தகால வடிவம்; பெயர் அதிலிருந்தே ஆக்கப்பட்ட 'ப்டூஸ்மா'. இலத்தீன் வுல்காத்தாவிலும் 'எக்ஸ்புயித்', 'ஸ்புதோ' என ஒரே வேரிலிருந்து இரண்டும் வருகின்றன. மூலத்தில் அமைந்த இவ்வெதிரொலியைப் பழைய ஆங்கிலம் இயல்பாகவே காத்தது. ஏறத்தாழ கி.பி. 1000-ஐச் சார்ந்த மேற்குச் சாக்சன் நற்செய்திகளில் ஸ்பேட்டன் வினையும் ஸ்பாட்ல் பெயரும் இணைந்து வருகின்றன. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய விக்ளிஃப் மரபு மொழிபெயர்ப்பில் வினை 'ஸ்பெட்டெ', பெயர் 'ஸ்பாட்டில்'. இங்கு உயிரொலிகள் விலகத் தொடங்கிவிட்டன. 16-ஆம் நூற்றாண்டில் டிண்டேல் பெயரை 'ஸ்பெட்டில்' என எழுதினார். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் அது 'ஸ்பிட்டில்' என நிலைபெற்றுள்ளது. ஸ்பாட்டில் என்பதன் உயிரொலி ஸ்பிட்டில் என மாறியது வெறும் ஒலித்திரிபன்று. தன்னை விட்டு விலகிய பெயரை வினை மீண்டும் தன்பால் ஈர்த்துக்கொண்ட நிகழ்ச்சி என்பதே அறிஞர் கருத்து. செயலும் பொருளும் ஒரு சொல்லாகவே உணரப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1611 பதிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. யோவான் 9:6-இல் இறந்தகாலம் 'ஸ்பேட்'. ஆனால் மாற்கு 7:33-இல் அதே செயல், அதே இறந்தகாலம், 'ஸ்பிட்' என வருகிறது. இரு வடிவங்களும் அன்று ஒருங்கே வழங்கின. பின்னர்ப் பிரித்தானிய வழக்கு ஸ்பேட்டைப் பெரிதும் தேர்ந்துகொண்டது. அமெரிக்க வழக்கில் இறந்தகாலத்துக்கும் ஸ்பிட் வாழ்கிறது. அமெரிக்கர் இதனைப் பிழையாக வழங்குகின்றனர் எனக் கருதும் ஆசிரியர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் மாற்கு 7:33-ஐப் பார்த்தல் நன்று.

20-ஆம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. 1952-இல் முழுமையாக வெளிவந்த திருத்திய தரப் பதிப்பு ஸ்பிட்டிலை வைத்துக்கொண்டது. 1978-இல் முழு விவிலியமாக வந்த புதிய பன்னாட்டுப் பதிப்பும், 1989-இல் வந்த புதிய திருத்திய தரப் பதிப்பும் சலைவா என மாற்றின. வினை ஸ்பிட்டாகவோ ஸ்பேட்டாகவோ இருக்க, பெயர் மட்டும் இலத்தீன் சொல்லாயிற்று. கிரேக்கம் முதல் வந்த எதிரொலி இவ்விடத்தில் அறுந்தது. ஸ்பிட்டில் பழஞ்சொல்லாகிவிட்டமையும், ஸ்பிட் என்பதைப் பெயராக இட்டால் இகழ்ச்சி தொனிக்குமென்ற அச்சமும் இதற்குக் காரணங்கள் எனத் தோன்றுகிறது. வினைக்கு இல்லாத கூச்சம் பெயருக்கு நேர்ந்துள்ளது. படிப்போர் மனத்தில் துப்புதல் ஒரு செயலாகவும், குழைக்கப்பட்ட நீர் ஆய்வுக்கூடப் பொருளாகவும் பிரிந்து நிற்கின்றன.

தமிழ்க் கிறித்தவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய திருப்புதல் இவ்விடத்தில் 'துப்பி' எனவும் 'உமிழ்நீர்' எனவும் இரு வேர்களைக் கையாளுகிறது. ஆயினும் எதிரொலி முற்றும் அழியவில்லை. உமிழ்நீர் என்பது வினைத்தொகை; உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் நீர். சலைவாவைப் போலன்றி இப்பெயருக்குள் ஒரு வினை உறைந்துள்ளது. அந்நாளைய மொழிபெயர்ப்பாளர் 'எச்சில்' என்னும் எளிய சொல்லைத் தவிர்த்தமை கருதத்தக்கது. அதன் காரணம் இக்கட்டுரையின் இறுதியில் விளங்கும். (அறிவியல் தமிழ் இதே உமிழ்நீரைச் சலைவாவுக்குக் கலைச்சொல்லாக ஏற்றது. மனிதன் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, ஏறத்தாழ முழுவதையும் விழுங்கிவிடும் நீருக்கு 'உமிழும் நீர்' எனப் பெயரிட்டிருக்கிறோம். கலைச்சொல் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் பாடநூலில் உமிழ்நீரை விழுங்குதல் எனப் படிக்குங்கால் மொழியியலாளர் புன்னகைக்கலாம்.)

மருந்தும் இகழ்ச்சியும்

துப்பிய நீருக்கு நலந்தரும் ஆற்றல் உண்டென்னும் நம்பிக்கை பண்டை உரோமில் பரவலாக இருந்தது. உண்ணாநோன்பிருப்போர் உமிழ்நீரின் மருத்துவப் பயனைப் பிளினி தமது 'இயற்கை வரலாறு' நூலின் 28-ஆம் பகுதியில் விரித்துரைக்கிறார். இங்கிலாந்தில் வழங்கிய இடைக்கால இலத்தீன் திருமுழுக்குச் சடங்கிலும் குருவானவர் உமிழ்நீரால் குழந்தையின் காதைத் தொடுதல் உண்டு. 1549-இல் வெளிவந்த ஆங்கிலப் பொது வழிபாட்டு நூலில் இச்செயல் இடம்பெறவில்லை. அரை நூற்றாண்டுக்குள் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், அந்தோனியோ தன் மேலங்கியில் துப்பியதைச் சைலாக் அவன் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டுகிறான். இரு நிகழ்ச்சிகளுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டென யாரும் நிறுவ இயலாது. ஆனால் சொல்லின் நலந்தரு பக்கம் வழிபாட்டு வழக்கிலிருந்து மறைய, இகழ்ச்சிப் பக்கமே பொதுவழக்கில் மேலோங்கி நின்றது எனல் தகும்.

சைலாக்கின் அதே பேச்சில் தாடியில் விழுந்த நீருக்கு 'ரூம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. உடலின் நீர்மக் கழிவுகளைக் குறிக்க அக்கால மருத்துவர் வழங்கிய சொல் அது. இழிந்த செயலுக்கு உயர்ந்த சொல்லை இட்டு அதன் இழிவைக் கூர்மையாக்கும் உத்தி இது. டிக்கன்ஸ் 1842-இல் வெளியிட்ட அமெரிக்கப் பயண நூலில் வாஷிங்டன் நகரத்தாரின் புகையிலைத் துப்பலை எள்ளும்போது சலைவா என்னும் சொல்லையே கையாண்டார். ஈண்டு அதனை 'எச்சில்' எனப் பெயர்த்தால் பொருள் வரும், எள்ளல் போய்விடும்.

மருத்துவர் வழக்கில் சலைவா தன் தனி வழியே சென்றது. 17-ஆம் நூற்றாண்டில் 'சலைவேட்' என்னும் வினை செயப்படுபொருள் குன்றாததாகவும் வழங்கியது. மேகநோய்க்குப் பாதரசம் கொடுத்து, நோயாளியின் வாயில் நீர் பெருகி வழியச் செய்வது அக்காலச் சிகிச்சை. மருத்துவர் நோயாளியைச் 'சலைவேட்' செய்தார் என எழுதினர். நீர் பெருகுதல் நச்சேற்றத்தின் அடையாளம் என்பதை உணராது, நோய் வெளியேறுவதாகக் கருதினர். இன்று இவ்வினை ஆசையால் நாவூறுவதைக் குறிக்கிறது. பழைய மருத்துவ நூல்களைப் பெயர்ப்போர் இன்றைய பொருளைக் கொண்டு மயங்கலாகாது.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-இல் அறிவித்தபின் துப்புதல் நாகரிகக் குறை என்னும் நிலையிலிருந்து சட்டக் குற்றமாயிற்று. நியூயார்க் நகரம் 1896-இல் பொதுவிடங்களில் துப்புவதைத் தடை செய்தது. நாகரிகம் கருதிய அமெரிக்கர் இவ்வினைக்கு 'எக்ஸ்பெக்டரேட்' என்னும் மங்கலச் சொல்லை முன்னரே வழங்கி வந்தனர். நெஞ்சிலிருந்து சளியை அகற்றுதல் என்பதே அதன் சொற்பொருள்.

அண்மைக் காலத்தில் இவ்வேறுபாட்டைத் துலக்கிக் காட்டியது கோவிட் பெருந்தொற்று. 2020 ஏப்ரல் 15 அன்று இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பொதுவிடத்தில் துப்புதல் தண்டத்துக்குரியதாக்கப்பட்டது. அங்கு ஆளப்பட்டது ஸ்பிட் வினையின் வடிவம். அதே ஆண்டு ஜூனில் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் பந்தை மெருகேற்ற வாய்நீரைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அங்கு ஆளப்பட்டது சலைவா. 2022 அக்டோபரில் அத்தடை நிலையானதாக்கப்பட்டபோதும் சொல் மாறவில்லை. தெருவில் செல்வோர் செய்வது செயல். ஆட்டக்காரர் விரலில் தொட்டுப் பூசுவது பொருள். இருவர்க்கும் வாயில் சுரப்பது ஒன்றே.

நம் நகரங்களில் காணும் 'எச்சில் துப்பாதீர்' என்னும் பலகை இலக்கண நோக்கில் ஆர்வமூட்டுவது. ஆங்கில ஸ்பிட் செயப்படுபொருளின்றி வந்தால், வெளியேறுவது வாய்நீர் என்பது வினைக்குள்ளேயே அடங்கும். வேறொன்று வெளியேறினால்தான் அதனைக் கூற வேண்டும். தமிழில் துப்புவினை தனித்தும் வருமாயினும், பலகை எழுதுவோர் எச்சிலைச் சேர்த்தே எழுதுகின்றனர். ஆங்கிலப் பலகையில் இரண்டாவது சொல் இல்லை. தமிழில் அது வலிய வந்து அமர்கிறது.

விசையின் கிளைகள்

வாணலியில் கொழுப்புத் தெறித்தல், பூனை சீறுதல், மழை தூறுதல், எந்திரத் துப்பாக்கி குண்டுகளைப் பொழிதல், ஒருவர் வெகுண்டு சொற்களை வீசுதல் ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ஸ்பிட் வினை வரும். இவற்றுள் ஒன்றிலும் வாய்நீர் இல்லை; சிறு அளவில், திடீரென, விசையோடு வெளிப்படுதலே உண்டு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிவினை இருப்பதால் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர்ப்பாடில்லை. நாகம் நஞ்சை 'உமிழ்கிறது' என நாம் எழுதுவதும் இயல்பே. ஆனால் உமிழ் வினை தமிழில் சென்ற திசை வேறு. ஒளி உமிழும் விளக்கு, கார்பன் உமிழ்வு என அமைதியான, தொடர்ச்சியான வெளிப்பாட்டுக்கு அது பயன்படுகிறது. அங்கெல்லாம் ஆங்கில ஸ்பிட் நுழையவே இயலாது. இகழ்ச்சி துப்பு வினையிடம் தங்கிவிட, உமிழ் அறிவியலுக்கு ஏற்றதாயிற்று.

17-ஆம் நூற்றாண்டில் சினமிக்கவரைச் சுட்டிய 'ஸ்பிட்ஃபயர்' 1936-இல் முதன்முதல் பறந்த பிரித்தானியப் போர்விமானத்தின் பெயராயிற்று. இக்காலத்து ராப் இசைஞர், பாட்டடிகளைத் தாளத்தோடு வீசுதலை ஸ்பிட் என்கின்றனர். ஈண்டு அது பாராட்டு. 'இரத்தம் துப்புதல்' என்னும் பிரித்தானிய மரபுத்தொடர் கடுஞ்சினத்தைக் குறிக்கும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கதைமாந்தர் காசநோயாளி ஆகிவிடுவார். 'வெளியே துப்பு' என்னும் ஏவலுக்கு 'மறைக்காமல் சொல்' என்பது பொருள். நம் பேச்சு வழக்கிலும் 'உண்மையைக் கக்கு' என்பதுண்டு. இரண்டும் ஒரே உவமையாயினும் தமிழ்த்தொடரில் மிரட்டல் மிகுதி. தயங்கி நிற்கும் நண்பனிடம் ஆங்கிலேயர் அன்போடும் கூறும் தொடர் அது.

'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பது தனித்து ஆராயத்தக்கது. ஒருவரை அப்படியே ஒத்திருத்தல் என்பது அதன் பொருள். துப்புகின்ற உருவம் என இன்றைய வடிவம் தரும் நேர்ப்பொருள் வெறும் பிறழ்ச்சி. 1698-இல் ஜார்ஜ் ஃபார்க்கர் எழுதிய நாடகமொன்றில், தந்தையின் வாயிலிருந்து துப்பப்பட்டவன் போல மகன் ஒத்திருப்பதாகக் கூறும் கருத்து காணப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் 'ஸ்பிட்' என்னும் பெயரே 'அச்சு அசல்' என்னும் பொருளில் வந்தது. பின்னர் 'ஸ்பிட் அண்ட் இமேஜ்'. அதன் பின்னரே இன்றைய வடிவம். பிரெஞ்சிலும் தந்தையை 'முழுதும் துப்பியது' போன்ற மகன் என்பதுண்டு. ஆதலின் இஃது ஆங்கிலத்தின் தனி விந்தையன்று. அமெரிக்கத் தென்புலத்தார் ஒலிப்பில் 'ஸ்பிரிட்' என்பது 'ஸ்பிட்' ஆயிற்று என்றும், ஆவியும் உருவமும் என்பதே மூலத்தொடர் என்றும் கூறுவோர் உளர். லாரன்ஸ் ஹார்ன் 2004-இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் எழுதிய கட்டுரை இவ்விளக்கத்தை ஏற்க மறுத்து, துப்பப்படும் நீர் கருவுண்டாக்கும் நீருக்கு இடக்கரடக்கலாக நின்றது என வாதிடுகிறது. ஃபார்க்கர் காலத்துச் சான்றும் பிரெஞ்சு இணையும் இருக்க, 'ஆவி' விளக்கத்துக்குத் தேவையே இல்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. தமிழில் இதற்கு இணை 'அப்பனை உரித்து வைத்தாற்போல்' என்பது. ஒருவர் உடலிலிருந்து நீங்கியதே மற்றொருவர் உருவம் என்னும் எண்ணம் இரு மொழிக்கும் பொது. நாம் உரிக்கிறோம், அவர்கள் துப்புகின்றனர்.

வாயினின்று தானே வழியும் நீருக்கு ஆங்கிலத்தில் ட்ரூல், ஸ்லாபர், ட்ரிவில் எனப் பல சொற்கள். விசையில்லாமையே இவற்றை ஸ்பிட்டிலிருந்து பிரிப்பது. விசையின்மை அறிவின்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதால் ட்ரிவில் இன்று பொருளற்ற பேச்சைக் குறிக்கிறது. நீரின் நினைவே அதில் இல்லை. ட்ரூல் ஆசைக்குச் சென்றது. நம் இளைஞர் வழக்கில் 'ஜொள்ளு விடுதல்' சென்ற வழியும் அதுவே.

எச்சில் என்னும் சிக்கல்

எச்சில் எஞ்சு என்னும் வினையடியாகப் பிறந்தது. மிஞ்சியது, உண்டு கழித்தது என்பதே அதன் மூலக்கருத்து. வாய்நீர் என்னும் பொருள் அதனோடு ஒட்டிய ஒரு கூறே. எச்சில் இலை, எச்சில் பாத்திரம், எச்சில் கை என்பவற்றில் நீர் கண்ணுக்குத் தெரியவேண்டுவதில்லை; வாய் பட்டது என்னும் உறவே போதும். அவ்வுறவு தூய்மை, தீட்டு என்னும் சமூக அளவைக்கு உட்பட்டது. ஸ்பிட், ஸ்பிட்டில், சலைவா ஆகிய மூன்றிலும் இக்கருத்து இல்லை. நற்செய்தியில் கண்ணைத் திறந்த நீரைப் பழைய மொழிபெயர்ப்பாளர் எச்சில் என எழுதாது விடுத்தமை இதனாலேயே ஆகலாம். தமிழ்ப் புதினங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் எச்சில் இலையை 'ஸ்பிட்' கொண்டு பெயர்த்தால் எவரோ அதில் துப்பிவிட்டதாகவே அயலார் கொள்வர்.

எதிர்த்திசையில், எச்சிலைத் தவிர்ப்பது பிழையாகும் இடமும் உண்டு. அம்பேத்கர் 1936-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் உரையில், பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் கழுத்தில் மண்கலயம் கட்டிச் செல்ல வேண்டியிருந்ததைக் குறிக்கிறார். அவர்கள் துப்புவது நிலத்தில் விழுந்து, அதனை அறியாது மிதிக்கும் சாதி இந்து தீட்டுப்படாதிருக்க அவ்வேற்பாடு. அங்கு அவர் ஆண்ட சொல் ஸ்பிட், பெயர்ச்சொல்லாக. சலைவா என எழுதியிருந்தால் அஃது உடலியல் செய்தியாகியிருக்கும். ஸ்பிட்டில் என்பதற்கோ விவிலிய வாடை உண்டு. பொதுமக்கள் வாயிலுள்ள குறுஞ்சொல்லை அவர் தேர்ந்தார். ஆங்கிலச் சொல்லில் தீட்டு இல்லாததால், அதனை 'தீட்டுப்படுத்துதல்' என்னும் வினையைச் சேர்த்து வெளிப்படக் கூறவும் நேர்ந்தது.

இதனைத் தமிழாக்குவோர் உமிழ்நீர் என எழுதினால் அறிவியல் நூலின் குளிர்ச்சி வந்துவிடும். துப்பல் எனில் செயல் விளங்கும். ஆனால் கலயம் ஏன் என்பது அச்சொல்லால் விளங்காது. எச்சில் எனில் அவ்வாணையை விதித்தோர் மனத்திலிருந்த கருத்தே ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. ஆனால் மூலத்தில் ஆசிரியர் வெளிப்படச் சொன்னதைச் சொல்லே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. முதல் வருகையில் 'துப்பும் எச்சில்' என்றும், அடுத்து 'எச்சில்' என்றும் ஆள்வதே பொருந்தும் என்பது எம் துணிபு. கலயத்துக்கும் கவனம் வேண்டும். துப்புவதற்குரிய கலத்துக்குத் தமிழில் படிக்கம், காளாஞ்சி என்னும் பெயர்கள் உள்ளன. அவை வெற்றிலை மெல்லும் செல்வர்க்குப் பிறர் ஏந்தி நின்ற உலோகக் கலங்கள். புனேயில் தம் கழுத்தில் தாமே சுமந்தவர்களின் கலத்துக்கு அப்பெயர்களுள் எதுவும் பொருந்தாது; மண்கலயம் என்றே எழுதவேண்டும்.